எங்கே வாங்கினாய்?

சென்ற ஆடியில், புது ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சமயம், முதுகலை நுண்ணுயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி ஆறு பக்கக் கேள்வித்தாளோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். ஈரல் நோயான ஹெபடைட்டிஸ் பி பற்றி ஆய்வேடு எழுதுகிறாளாம். அந்த நோயைப் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு என்ன தெரியும், அது தொற்றக்கூடிய பழக்கங்கள் அவர்களிடம் என்னென்ன உண்டு என்று கேட்டறிவது திட்டம். என் விலங்கியல் வகுப்பில் அறுபது பேரிடம் கொடுத்து வாங்கித் தர வேண்டும். "பத்து நிமிடம்தான் சார்" என்றாள்.

வாங்கிப் படித்தேன். பச்சை குத்திக்கொண்டது உண்டா? சலூனில் புது பிளேடு போடுகிறார்களா என்று கவனிப்பீர்களா? அறை நண்பரின் ரேசரையோ நகவெட்டியையோ பல் துலக்கும் பிரஷ்ஷையோ பயன்படுத்தியது உண்டா? காது குத்தியது எங்கே? ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா? போதை ஊசி? ஒன்றுக்கு மேற்பட்டவரோடு உடலுறவு? இந்தக் கடைசிக் கேள்வி மட்டும் மற்றவற்றைவிடச் சிறிய எழுத்தில் இருந்தது. ஏனென்று கேட்டேன். வழிகாட்டும் பேராசிரியர் அதை எடுத்துவிடச் சொன்னாராம். இவள் முடியாது என்றாளாம். இருவருக்கும் நடுவே ஏற்பட்ட உடன்பாடுதான் அந்தச் சிறிய எழுத்து.

நல்ல கேள்விகள், ஒன்றிலும் பிழை சொல்ல முடியாது. ஆனால் பத்தொன்பது வயதில் என்னிடம் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதில் இல்லை.

2006. இளங்கலை இரண்டாம் ஆண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் ரத்ததான முகாம். கொடுத்தால் ஒரு பழச்சாறு, ஒரு பாக்கெட் பிஸ்கட், பிற்பகல் வகுப்புக்கு விடுமுறை. எங்களை வரிசையில் நிறுத்தியது மூன்றாவதுதான். தானமாக வரும் ஒவ்வொரு ரத்தப் பையையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் பரிசோதித்தாக வேண்டும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. மூன்று வாரம் கழித்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது: என் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி. மாணவர்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் வழக்கம் நான் படித்த கல்லூரியின் அலுவலகத்துக்கு இருந்தது. எனக்கு விஷயம் எட்டுவதற்குள் விடுதிக் காப்பாளர், சமையல்காரர், பக்கத்து அறைக்காரன் எல்லோருக்கும் எட்டிவிட்டது.

காப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "எங்கே போய் வாங்கி வந்தாய்?"

கடைவீதிக்குப் போய் வந்தவனைக் கேட்பது போலக் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பெண்களோடு பேசினால் நாக்குக் குழறும். போதை என்று உடம்பில் ஏறியது கும்பகோணத்து டிகிரி காப்பி மட்டும். பச்சை குத்தியதில்லை, ரத்தம் ஏற்றியதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி ராத்திரியெல்லாம் தூங்கவிடவில்லை. வேளாங்கண்ணிக்குப் போன இடத்திலா, மன்னார்குடி சலூனிலா என்று ஒவ்வொரு இடமாக நினைத்துப் பார்த்தேன். செய்யாத தப்பை எங்கே செய்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

என் தட்டிலும் டம்ளரிலும் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுத் தனியாக வைத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை அறைக்கு என்னை மாற்றினார்கள். இந்தக் கிருமி தட்டிலும் டம்ளரிலும் பரவாது. சேர்ந்து சாப்பிடுவது, குடிதண்ணீர், கட்டித் தழுவுவது, தும்மல், கொசுக்கடி எதிலும் பரவாது. அதன் வழி ரத்தம், விந்து போன்ற உடல் திரவங்கள், பிரசவம். அந்த வழியில் வந்தாலோ, கண்ணுக்குத் தெரியாத துளி போதும். எச்.ஐ.வி.யைவிட 50 முதல் 100 மடங்கு எளிதாகத் தொற்றும் என்பார்கள். உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். எங்கள் பழைய அறையில் நால்வருக்கும் ஒரே ரேசர்தான் இருந்தது. குளியலறைச் சன்னலில் ஒரு நகவெட்டி கிடக்கும். யாருடையது என்று யாருக்கும் தெரியாது. தட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர்களுக்கு அந்த ரேசர் கண்ணில் படவே இல்லை. நான் வெளியேறிய பிறகும் மற்ற மூவரும் அதிலேயே சவரம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்த மூவரையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னது ஏழு வருடம் கழித்து, ஒருவனுடைய கல்யாணப் பந்தியில். மூவருக்கும் ஒன்றும் இல்லை. அது என் அதிர்ஷ்டமும்தான்.

தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவரிடம் அப்பா அழைத்துப் போனார். அவர் எங்கே வாங்கினாய் என்று கேட்கவில்லை. "அம்மாவுக்கு எப்போதாவது இந்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா?" என்றார். அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் இரண்டு எண்களை எழுதினார். 90. 5.

பிறந்த குழந்தைக்கு இது தொற்றினால் நூற்றில் சுமார் தொண்ணூறு குழந்தைகளின் உடம்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும். நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்தவருக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்துக்கும் குறைவானவருக்கே தங்கும். மற்றவர்கள் சில மாதங்களில் அதை விரட்டிவிடுவார்கள், பலர் வந்ததே தெரியாமல். பச்சைக் குழந்தையின் எதிர்ப்பு சக்திக்கு வேற்றாளை அடையாளம் காணத் தெரியாது. உள்ளே வந்தவனை வீட்டு ஆள் என்று விட்டுவிடும். இந்தக் கிருமி நேராக ஈரலைத் தின்பதில்லை. என்றைக்காவது உடம்பு விழித்துக்கொண்டு அதைத் தாக்கும்போது அந்தச் சண்டையில்தான் ஈரல் புண்படுகிறது. அதனால் இருபது, முப்பது வருடம் எந்தச் சத்தமும் இருக்காது. பிறகு ஈரல் சுருக்கம், சிலருக்குப் புற்றுநோய்.

"ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம். அப்போதும் இருந்தால், பெரும்பாலும் இது நீ கல்லூரிக்கு வரும்போதே கொண்டுவந்தது" என்றார்.

ஆறு மாதம் கழித்தும் இருந்தது. அம்மாவுக்கும் இருந்தது.

இருபது வயதில் ஒரு பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தால், கடந்த இரண்டு வருடத்தில் அவன் எங்கெங்கே திரிந்தான் என்று தோண்டுகிறோம். கணக்கோ தொட்டிலைக் காட்டுகிறது. கல்லூரியில் நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. கண்டுபிடிக்கப்பட்ட இடத்தையே பிடிபட்ட இடமாக நினைத்துக்கொள்கிறோம். எங்கள் பக்கத்தில் இது தெரியவருவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று ரத்ததான முகாம். இன்னொன்று கர்ப்பிணிகளுக்கான ரத்தப் பரிசோதனை. மூன்றாவது வளைகுடா மெடிக்கல். மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன் விசாவுக்குப் பணம் கட்டி, பெட்டி கட்டி, விருந்தும் சாப்பிட்டு முடித்த பிறகு மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்று திரும்பி வந்தான். அந்த ஒற்றைச் சொல்லை வைத்து ஊர் என்னென்ன கதை கட்டியது என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடிவு வந்த அன்று, "அப்படியென்றால் நான்தான் கொடுத்தேனா தம்பி?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். மறுநாளிலிருந்து குழம்புச் சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து என் கையில் வைப்பதை நிறுத்திவிட்டாள். எல்லாம் கரண்டியில் வந்தது. சோற்றில் பரவாது என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில், "எனக்குத்தான் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னும் என்ன புதிதாகக் கொடுத்துவிடப் போகிறாய்?" என்றேன். அதற்குச் சிரித்துவிட்டாள். உருண்டை திரும்பி வந்தது. இருபது வருட விஞ்ஞானப் படிப்பில் நான் வென்ற ஒரே விவாதம் அதுதான்.

ஆனால் கீழாநெல்லி விவாதத்தில் அவள் வென்றாள். வரப்பில் முளைத்துக் கிடந்ததை வேரோடு பறித்து அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் ஒரு மண்டலம். உப்பில்லை, எண்ணெயில்லை. இதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் சென்னைக் குழுவின் ஆய்வு ஒன்று வந்தது. எஸ்.பி. தியாகராஜன் முதலாசிரியர், இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது, வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது என்று எழுதியிருந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. எனக்கும் வரவில்லை. மண்டலம் முடிந்த பிறகு பரிசோதனைச் சீட்டில் அதே 'ரியாக்டிவ்', அதாவது கிருமி இருக்கிறது.

'காமாலை' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல நோய்களைப் போட்டு மூடிவிட்டதும் ஒரு சிக்கல். மழைக்காலத்தில் குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வரும் காமாலை வேறு. அது ஹெபடைட்டிஸ் ஏ, ஈ. கண் மஞ்சளாகும், சாப்பாடு பிடிக்காது, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். பெயர் வேர் மருந்துக்குப் போகும். ஹெபடைட்டிஸ் பி உடம்பில் தங்கிவிட்டவருக்குக் கண் வெள்ளையாகவே இருக்கும். மந்திரிக்க, வேர் கட்ட, பத்தியம் இருக்க ஓர் அறிகுறி வேண்டுமே? அது வருவதற்குள் ஈரல் பாதி போயிருக்கும். உலகில் 2022-இல் 25.4 கோடிப் பேர் இதோடு வாழ்ந்தார்கள், அவர்களில் 2.98 கோடிப் பேர் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உலக அளவில் தங்களுக்கு இது இருப்பதை அறிந்தவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தான். கடிதத்தைப் பிரித்துப் படித்த அந்த அலுவலகத்துக்கு நான் ஒருவகையில் கடன்பட்டிருக்கிறேன் போலும். போகட்டும்.

இப்போது என் வகுப்பில் இருப்பவர்கள் எங்களைவிடப் பாதுகாப்பானவர்களா? அவர்கள் பிறந்த வருடத்தைப் பார்த்தால் பதில் தெரியும். தடுப்பூசி 1980-களிலேயே உலகில் வந்துவிட்டது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் உள்நாட்டிலேயே தயாரித்ததும் விலை சரிந்தது. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 2002-03-இல் சில இடங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கு விரித்தார்கள். 2011-இல்தான் நாடு முழுவதும். ஆகவே 2003-லோ 2004-லோ ஒரு கிராமத்தில் பிறந்த பிள்ளைக்குச் செவிலியர் போலியோ சொட்டு மருந்து கொடுத்திருப்பார், முத்தடுப்பு ஊசி போட்டிருப்பார். இது அவர் பெட்டியில் இருந்திருக்காது. தனியார் குழந்தை மருத்துவரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட நகரத்துப் பிள்ளைகள் தப்பித்தார்கள். இப்போது முதுகலை படிக்கும் வயதில் இருப்பவர்கள் சரியாக அந்த இடைவெளியில் விழுந்தவர்கள். வகுப்பில் கேட்டால், "சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டாயிற்று சார்" என்கிறார்கள். எல்லா ஊசியிலும் இது இருந்ததா என்று வீட்டில் அட்டையை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். அட்டை எங்கே? போன வெள்ளத்தில் போயிற்று, பரணில் இருக்கிறது, எலி கடித்துவிட்டது.

இப்படியெல்லாம் சொல்வதால் அந்தப் பெண்ணின் கேள்விகள் வீண் என்றாகிவிடாது. வளர்ந்தவருக்குத் தங்குவது குறைவு என்றாலும், தொற்றிய அந்தச் சில மாதங்களில் ஈரல் முழுதாகச் செயலிழந்து இறப்பவர்களும் உண்டு. 2009-இல் குஜராத்தில் சபர்கந்தா மாவட்டத்தின் மொடாசாவில் ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டதில் இந்நோய் பரவிப் பலர் இறந்தார்கள். என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கம்பவுண்டரிடம் எவர்சில்வர் டப்பாவில் ஒரே கண்ணாடி ஊசிதான் இருந்தது. அவசரம் என்றால் சுடுநீரில் ஒரு முக்கு. இன்று அந்த டப்பா இல்லை. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் பாயை விரித்துப் பச்சை குத்துபவர் இருக்கிறார். ஊசியை மாற்றினாலும் மைக்கிண்ணத்தை மாற்றுவதில்லை. நேர்த்திக்கடனுக்கு அலகு குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சலூன்காரர்கள் எய்ட்ஸ் பிரசாரத்துக்குப் பின் ஆளுக்குப் பாதி பிளேடு என்று ஒழுங்காகவே மாற்றுகிறார்கள். விடுதிப் பையன்கள்தான் ஒரே டிரிம்மரை அறை அறையாகக் கொண்டுபோகிறார்கள். செவிலியர் படிப்பு மாணவிகள் நிலைமை எல்லோரையும்விட மோசம். தடுப்பூசி போடாத ஒருவரின் விரலில், தீவிரமாகத் தொற்றும் நிலையில் இருக்கும் நோயாளியின் ஊசி குத்திவிட்டால், நூற்றில் முப்பது பேர் வரைக்கும் தொற்றலாம். எச்.ஐ.வி.யில் இது முந்நூற்றில் ஒன்றுதான். மூன்று ஊசி, ஆறு மாதம், வேலை முடிந்தது. அதைப் போடாமல் யாரையும் வார்டுக்குள் அனுப்பவே கூடாது என்பேன்.

சிறிய எழுத்துக் கேள்வியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உடலுறவில் இது பரவும். ஆணுறை தடுக்கும். இதைச் சொல்வதற்கு வகுப்பில் எனக்கு இரண்டு நிமிடம் ஆகும். மாணவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், நான் சன்னலைப் பார்ப்பேன். ஆனால் சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, பெண் பார்க்கப் போவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றேன். அப்பா ஒப்பவில்லை. இரண்டு வீடுகள் கதவைச் சாத்தின. மூன்றாவது வீட்டுப் பெண், "தடுப்பூசி இருக்கிறதாமே?" என்று கேட்டாள். இரண்டாவது ஊசி போட்ட பிறகு நிச்சயம், மூன்றாவதும் போட்டு, ஊசி பலித்ததைக் காட்டும் எதிர்ப்புப் புரதத்தின் அளவு பத்தைத் தாண்டிவிட்டதா என்று பார்த்த பிறகு கல்யாணம். பத்திரிகையில் முகூர்த்த நாள் குறித்த ஜோசியருக்கு அவர் கணக்குக்கு மேலே இன்னொரு கணக்கு இருந்தது தெரியாது. இப்போது நான் தினமும் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை விழுங்குகிறேன். எல்லோருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. ஈரல் பரிசோதனை, கிருமியின் அளவு, ஸ்கேன் பார்த்துத்தான் தொடங்குவார்கள். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அந்தத் தேதி பிளம்பெர்க்கின் பிறந்தநாள். முழுதாக ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை, அடக்கி வைக்கலாம்.

மாமாவைப் பற்றி எழுத நினைத்துத்தான் இதைத் தொடங்கினேன், இப்போதுதான் அவரிடம் வந்து சேர்கிறேன். அம்மாவின் அண்ணன். 1998-இல், நாற்பத்து நான்கு வயதில் இறந்தார். வயிறு குடம் போல வீங்கிக் கால் குச்சியாகிவிட்டது. மகோதரம் என்றார்கள். ஈரல் கெட்டுவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னதும் ஊர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது: ஒளிந்து குடித்திருக்கிறார். சனிக்கிழமை தோறும் கும்பகோணத்துக்கு பஸ் ஏறுவாரே, அதற்குத்தானாம். அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெண்டாட்டி விட்டுக்கொடுப்பாளா என்று சிரித்தார்கள்.

எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்த பிறகு சித்தியைப் பரிசோதித்தோம். அவருக்கும் இருந்தது. அம்மாவைப் பெற்ற ஆச்சியும் வயிறு வீங்கித்தான் இறந்தார், செய்வினை என்று பேச்சு. அத்தை வீட்டுக்குப் போய், அவரும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அத்தை பிள்ளைகளைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "அப்படியானால் மாமாவுக்கும் இதுதானா தம்பி?" என்றார். மாமாவுக்கு யாரும் பரிசோதனை செய்யவில்லை. இருக்கலாம் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. "இருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் இன்னும் சாமி அறையில், மாமா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. சனிக்கிழமை கும்பகோணம் போனது வெற்றிலைக் கொழுந்து வாங்க.

கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு கேள்விகளை எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். உங்கள் தாய்க்கு எப்போதாவது இந்தப் பரிசோதனை செய்யப்பட்டதா? உங்கள் குடும்பத்தில் ஈரல் நோயால் இறந்தவர் உண்டா, என்ன காரணம்?

"மாணவர்களுக்கு இதெல்லாம் தெரியாதே சார்" என்றாள்.

"தெரியாது என்பதற்கும் ஒரு கட்டம் போடு" என்றேன்.

சேர்த்துக்கொண்டாள், மற்றக் கேள்விகளின் அளவிலேயே. அறுபது தாள்களும் பெயரில்லாமல் திரும்பி வந்தன. அவளிடம் கொடுப்பதற்கு முன் அடுக்கும்போது கடைசிப் பக்கம் மட்டும் கண்ணில் பட்டது. தாயைப் பற்றிய கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் 'தெரியாது' கட்டத்தில் குறியிட்டிருந்தார்கள். அடுத்ததில் சில தாள்களில் 'குடி' என்று இருந்தது. ஒன்றில் மட்டும் நீல மையில், குனிந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சின்னதாக: 'பெரியப்பா. குடி என்று சொல்வார்கள்.'